விளக்குக்காரிக்கு ஐந்து ஊற்று

மெக்காய்
11 ஜனவரி 1998

அன்புத் தங்கை ஸ்டெல்லாவுக்கு,

அண்ணன் சல்வு எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. மழைதான் விட்டபாடில்லை, சுவரெல்லாம் பூஞ்சை பூத்துக் கிடக்கிறது. உன் முட்டி வலிக்கு அந்தப் புது டாக்டர் கொடுத்த களிம்பு கேட்கிறதா?

தொலைபேசியில் என்னைப் பிடிக்கப் பார்த்து அலுத்துப்போயிருப்பாய். இணைப்பைத் துண்டிக்கச் சொல்லிவிட்டேன். என் லிதியா கண்ணை மூடியதிலிருந்து அந்த மணி அடித்தாலே எனக்குக் கை நடுங்குகிறது. ரயில் ஓட்டுகிறவனுக்குக் கை நடுங்கக் கூடாது. ஆலைக்குக் கரும்பு இழுக்கிற குட்டி ரயில்தான் என்றாலும் ரயில் ரயில்தானே.

விஷயத்துக்கு வருகிறேன், சிரிக்காதே. ஏழு கரை ஆட்டத்தை எனக்குக் கற்றுக்கொடு. உன் கடையில் வெள்ளிக்கிழமைதோறும் என் மகன் டேமியன் ஆடுகிறானே, அதே சீட்டாட்டம்தான். மே மாதம் நீ பிரிஸ்பனில் நடத்தும் போட்டிக்குப் பெயர் கொடுக்கப்போகிறேன்.

டேமியன் என்னோடு பேசுவதை நிறுத்தியது உனக்குத் தெரியும். செப்டம்பரில் அவன் மெல்போர்னில் தேசியப் போட்டி ஆடிய மூன்று நாளும் மாலையில் கூப்பிட்டு அம்மாவைக் கேட்டான். மூன்று நாளும் "அம்மா தூங்குறா" என்றேன். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவன் திரும்பி வந்தபோது அவளைப் பெட்டியில் வைத்திருந்தோம். அதற்குப் பிறகு நான் எழுதிய கடிதமெல்லாம் பிரிக்காமலே திரும்பி வருகிறது. நேரில் போனேன். வாசலில் நின்ற பையன் "அவன் வெளிய போயிருக்கான் சார்" என்றான். உள்ளே அவன் இருமுவது எனக்குக் கேட்டது. பெற்றவனுக்கு இருமல் தெரியாதா?

போட்டியில் மேசை போட்டு உட்கார வைத்துவிட்டால் ஐம்பது நிமிடம் எழுந்து போக முடியாது என்று அவனே ஒருமுறை சொல்லியிருக்கிறான். அந்த ஐம்பது நிமிடம் எனக்கு வேண்டும் ஸ்டெல்லா. பேசாவிட்டாலும் போகிறது, எதிரே உட்கார்ந்திருந்தால் போதும்.

அவனிடம் சொல்லாதே. உன் வீட்டுக்காரரைக் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்,
சல்வு


பிரிஸ்பன்
19 ஜனவரி 1998

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் சுகம். களிம்பு நாற்றத்துக்குக் கொசுதான் ஓடுகிறது, வலி அங்கேயே இருக்கிறது. பூஞ்சைக்குச் சுண்ணாம்பு அடி. மீன் டப்பாவைத் திறந்து நின்றபடியே தின்கிறாய் என்று கேள்விப்பட்டேன். ஒரு முயலை வாங்கி ஒயின் ஊற்றி வேகவை, ஆண்பிள்ளை சமைத்தால் அடுப்பு அவிந்து போகாது.

சிரிக்கவில்லை. உன் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டுக் கடையின் பின்பக்கம் போய் அழுதேன், அவ்வளவுதான்.

இப்போது பாடம். ரம்மி மாதிரி எல்லோருக்கும் ஒரே சீட்டுக்கட்டு என்று நினைத்துக்கொண்டு வராதே. ஏழு கரையில் அவரவர் கட்டை அவரவரே அமைத்துக்கொண்டு வர வேண்டும். ஆயிரத்துக்கு மேல் சீட்டுகள் இருக்கின்றன. அதிலிருந்து அறுபதைப் பொறுக்கு. குறையக் கூடாது. கூடலாம், ஆனால் புத்தியுள்ளவன் கூட்டமாட்டான். ஒரே சீட்டு நாலுக்கு மேல் ஆகாது. அறுபதில் இருபத்து நாலு ஊற்றாக இருக்கட்டும். ஊற்றுதான் சோறு. முறைக்கு ஓர் ஊற்றாக இறக்கி, அந்தத் தெம்பில்தான் மற்றப் படைகளை இறக்க முடியும். ஒவ்வொரு சீட்டின் மூலையிலும் எத்தனை ஊற்று வேண்டும் என்று போட்டிருக்கும். ஒன்று, இரண்டு என்றிருப்பதை அதிகம் எடு. ஆறு, ஏழு என்றிருப்பதைப் பார்த்து வாயைப் பிளக்காதே.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. எந்தச் சீட்டைக் காட்டி "இது ஏன் இருக்கு?" என்று எவன் கேட்டாலும் உன்னிடம் பதில் இருக்க வேண்டும். பதில் இல்லாத சீட்டு கட்டில் இருக்கக் கூடாது. இதை எனக்குச் சொன்னது உன் மகன்தான்.

கசப்பான சேதியையும் சொல்லிவிடுகிறேன். முதல் சுற்றில்தான் எல்லோர் பெயரையும் டப்பாவில் போட்டுக் குலுக்குவேன். அடுத்த சுற்றிலிருந்து சம வெற்றி உள்ளவர்களை மட்டும் தனித்தனியாகக் குலுக்கி ஒன்றாக உட்கார வைப்பேன். ஜெயித்தவன் ஜெயித்தவனோடு, தோற்றவன் தோற்றவனோடு. டேமியன் ஜெயித்துக்கொண்டே மேலே போவான். முதல் நாலு பேருக்கு மெல்போர்ன் தேசியப் போட்டிக்குப் போக இடம். போன வருடம் அங்கே இரண்டாவதாக வந்து தவறவிட்ட கோப்பை இந்த வருடம் வேண்டும் என்று வெறியோடு இருக்கிறான். அவன் எதிரே உட்கார வேண்டுமானால் நீயும் அவனோடு ஜெயித்துக்கொண்டே ஏற வேண்டும்.

ஒரு பெட்டி பழைய சீட்டு அனுப்பியிருக்கிறேன். அவனிடம் உன் பேச்சை எடுக்கமாட்டேன். எடுத்தால் கடைக்கு வருவதை நிறுத்திவிடுவேன் என்று முன்பே சொல்லியிருக்கிறான். இரண்டு பேருக்கும் நடுவில் வாயைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு.

ஸ்டெல்லா


மெக்காய்
8 பிப்ரவரி 1998

அன்புத் தங்கைக்கு,

பெட்டி வந்தது. முயலும் வெந்தது, பாதி கருகியது. உன் முட்டிக்குக் கடல் தண்ணீரில் நில் என்று ஆலையில் ஒருவன் சொல்லச் சொன்னான்.

வியாழக்கிழமைகளில் இங்கே பத்திரிகைக் கடைப் பின்னறையில் ஏழெட்டுப் பேர் ஆடுகிறார்கள். முதல் நாள் எனக்கு எதிரே உட்கார்ந்தது நொலீன், ரொட்டிக் கடையில் விடியற்காலை மாவு பிசைகிறவள். முப்பது வயது இருக்கும். என் கட்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"என்ன சல்வு, இது கட்டா, கரும்பு வண்டியா?"

"எழுபத்தெட்டு இருக்கு."

"அறுபதுன்னு யாரும் சொல்லலையா?"

"சொன்னாங்க. எல்லாம் நல்லா இருந்துச்சு, எதையும் விட மனசு வரல."

"மனசு வரலைன்னா கட்டே கட்ட முடியாதுப்பா. இத்தன சீட்டுல உனக்கு வேண்டியது எப்ப மேல வரும்? உன் கருமாதிக்கு வரும்."

வாய் அப்படி. ஆனால் சொன்னது உண்மை. கையில் அரக்கன், கடல்பாம்பு, இரண்டு மலைப்பறவை என்று ராஜா வீட்டு ஊர்வலமே இருந்தது. இறக்க ஊற்று வரவில்லை. அவள் ஓர் ஊற்றுக்கு ஒரு நண்டாக இறக்கி, நண்டு நண்டாகவே என்னைத் தின்றுவிட்டாள். எட்டு ஆட்டம், எட்டும் தோல்வி. முப்பது வருடம் ரயில் ஓட்டியிருக்கிறேன், இழுக்க முடியாத பாரத்தை எஞ்சினில் மாட்டக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். சீட்டைப் பார்த்ததும் மறந்துவிட்டது.

இப்போது அறுபதுக்குக் கொண்டுவந்துவிட்டேன். இத்துடன் எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல். அதில் விளக்குக்காரி ஒன்று இருக்கும். அதை மட்டும் எடுக்கச் சொல்லாமல் விட்டுவிடு.

அவன் எப்படி இருக்கிறான் என்று நான் கேட்கவில்லை. நீ சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

சல்வு


பிரிஸ்பன்
17 பிப்ரவரி 1998

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். கடலில் நிற்கச் சொன்னவனையே வந்து என் முட்டியைப் பிடித்துவிடச் சொல். நொலீனை எனக்குப் பிடித்துவிட்டது. அவள் கையால் இன்னும் நாலு உதை வாங்கு.

நீ கேட்காததைச் சொல்கிறேன். மெலிந்திருக்கிறான். கிடங்கில் இரவு வேலை பார்க்கிறான். வெள்ளிக்கிழமை வந்தால் யாரோடும் சிரிப்பதில்லை, ஜெயித்துவிட்டுப் போய்விடுகிறான். முன்பெல்லாம் தோற்றவனுக்கு எங்கே தவறு என்று உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பான்.

கட்டைப் பார்த்தேன். கடல்பாம்பு இரண்டையும் எடு. மலைப்பறவையும் வேண்டாம். நண்டு நாலு, ஈட்டிக்காரன் நாலு, தூதுவன் நாலு போடு. சின்னச் சீட்டு, சுறுசுறுப்பான சீட்டு. உன் மகனின் கட்டு மெதுவாக எழும்பும் கட்டு, அவன் எழுவதற்குள் நீ அடிக்க வேண்டும்.

விளக்குக்காரியை விட்டுவிடு என்கிறாய். எப்படி விடுவது? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். ஐந்து ஊற்று கொடுத்து அவளை இறக்கினால் என்ன செய்கிறாள்? இரண்டு பேரும் கையிலுள்ள சீட்டை மேசையில் திறந்து வைக்க வேண்டும். தன் கையை எதிராளிக்குக் காட்ட எவனாவது ஐந்து ஊற்று செலவழிப்பானா? போட்டிக்கு அவளை எடுத்துப்போனவனை நான் பார்த்ததே இல்லை. அவள் ஏன் இருக்கிறாள், அண்ணா? பதில் எழுது.

ஸ்டெல்லா


மெக்காய்
15 மார்ச் 1998

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லாம் ஒருவிதமாகப் போகிறது. புயல் ஒன்று வருவதாகச் சொல்லி வராமல் போனது. எஞ்சின்களைப் பிரித்துப் போட்டுப் பழுது பார்க்கிறோம், ஜூனில் அரவை தொடங்குவதற்குள் முடிய வேண்டும்.

நீ சொன்னபடி கடல்பாம்பு, மலைப்பறவை எல்லாவற்றையும் எடுத்தேன். நண்டு நாலு போட்டேன். நொலீனிடம் ஐந்துக்கு மூன்று ஜெயிக்கிறேன். அவள் முகம் பார்க்க வேண்டுமே! "உனக்கு யாரு சொல்லித்தர்றா, நேர்மையா சொல்லு" என்கிறாள். என் தங்கை என்றேன். "அவளுக்கு எம்மேல என்ன கோபம்?" என்றாள்.

கையில் வந்த ஏழு சீட்டும் சரியில்லையென்றால் திருப்பிக் கொடுத்து ஆறாக வாங்கிக்கொள்ளவும் கற்றுக்கொண்டேன். மோசமான கையை வைத்துக்கொண்டு நல்லது வரும் நல்லது வரும் என்று காத்திருப்பதுதான் புதியவன் செய்கிற தவறாம். ஒன்றை இழந்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்று இந்த ஆட்டத்திலாவது சொல்கிறார்கள்.

நொலீன் ஒரு குறை கண்டுபிடித்தாள். என் கட்டில் மினுமினுக்கும் பூச்சுப் போட்ட ஜிகினாச் சீட்டு ஒன்றே ஒன்று இருக்கிறது, அந்த விளக்குக்காரிதான். இந்த ஊர் ஈரத்துக்கு ஜிகினா வளைகிறது. கட்டை வெட்டினால் அந்த இடத்தில் தானாகப் பிளக்கிறது, எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரிந்துவிடும். "நடுவர் பாத்தா அடையாளச் சீட்டுன்னு தோல்வி எழுதிடுவாரு" என்றாள். இரட்டை உறை போட்டேன். பைபிளுக்கு அடியில் வைத்தேன். நிமிர்வதும் வளைவதுமாக இருக்கிறது.

இனி நான் கேட்கப்போவதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே. முதல் சுற்றுக் குலுக்கலில் டப்பாவில் கைவிடப்போவது நீதான். எங்கள் இருவர் பெயர்ச் சீட்டையும் விரலிடுக்கில் வைத்துக்கொண்டால் யாருக்குத் தெரியும்? நொலீனிடம் ஜெயிக்கிறேன், சரி. என் மகனோடு கூட ஏறும் அளவுக்கு நான் வரமாட்டேன். எனக்கே தெரிகிறது. ஐம்பத்தாறு வயதில் தலை அவ்வளவுதான் ஏறும்.

யோசித்துச் சொல்.

சல்வு


பிரிஸ்பன்
20 ஏப்ரல் 1998

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஒரு மாதத்துக்கு மேலாகப் பதில் போடாமல் இருந்தேன். உடம்பு நன்றாகத்தான் இருந்தது, மனசுதான் சரியில்லை. ஈஸ்டர் பூசைக்குப் போய் உனக்காகவும் ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன்.

நான்கு முறை "சரி" என்று எழுதிக் கிழித்தேன். செய்ய முடியாது அண்ணா. என் டப்பாவில் கள்ளம் இல்லை என்று நம்பித்தான் நாற்பது பேர் வருகிறார்கள். அதைக்கூட விடு. டேமியன் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவான். "அப்பா மறுபடியும் ஏமாத்திட்டாரு, இந்தத் தடவ அத்தையும் சேந்துக்கிட்டாங்க" என்பான். பொய்யால் போனதைப் பொய்யால் மீட்க முடியுமா?

இந்த ஒரு மாதமும் வேறொன்று என்னை அரித்துக்கொண்டிருந்தது. உன்னை எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். சின்ன வயதில் திருடிய கொய்யாவை வீட்டுக்கு வருவதற்குள் நீயே அம்மாவிடம் சொல்லி அடி வாங்குவாய். அப்படிப்பட்டவன் மூன்று நாள் தொடர்ந்து பெற்ற பிள்ளையிடம் பொய் சொன்னான் என்பது எனக்குச் செரிக்கவே இல்லை. நேராகக் கேட்கிறேன். அவனுக்குச் சொல்ல வேண்டாம் என்று சொன்னது லிதியாவா?

ஸ்டெல்லா


மெக்காய்
26 ஏப்ரல் 1998

அன்புத் தங்கைக்கு,

நலம். டப்பா விஷயத்தில் நீ சொன்னது சரி. கேட்டதற்கு வெட்கப்படுகிறேன்.

மற்றதைக் கேட்காதே. ஒரு பிள்ளை அப்பன் மேல் கோபமாக இருக்கலாம். அப்பன் உயிரோடு இருக்கிறான், தாங்கிக்கொள்வான். மண்ணுக்குள் போனவள் மேல் கோபம் வந்தால் அந்தப் பிள்ளை அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவான்? இதற்கு மேல் எழுதமாட்டேன். நீ புரிந்துகொண்டதை உன்னோடு வைத்துக்கொள். லிதியா மேல் ஆணை.

மே 22 பேருந்தில் கிளம்புகிறேன். உன் வீட்டில் தங்கவில்லை, அவன் எதேச்சையாக வந்துவிட்டால் சங்கடம். நிலையத்துப் பக்கம் அறை எடுத்துக்கொள்கிறேன்.

சல்வு


பிரிஸ்பன்
27 மே 1998

அன்புள்ள அண்ணாவுக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா? சொல்லாமல் கொள்ளாமல் பேருந்தேறிவிட்டாய். நான் நாற்காலிகளை அடுக்கிவிட்டு வந்து பார்த்தால் உன்னையும் காணோம், அவனையும் காணோம். முட்டி வலியோடு மண்டபத்தைச் சுற்றித் தேடினேன்.

உனக்குத் தெரியாததைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நீ அன்று தலை நிமிராமல் உன் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

காலையில் சுவரில் ஒட்டிய பெயர்ப் பட்டியலில் உன் பெயரைப் பார்த்ததும் அவன் அப்படியே நின்றான். போய்விடுவான் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. முதல் சுற்று ஜெயித்தான், நீ தோற்றாய். இரண்டாவதும் ஜெயித்தான். அதைச் சீக்கிரம் முடித்துவிட்டு உன் மேசைக்குப் பின்னால், தூணோடு ஒட்டி நின்று பார்த்தான். நீ விளக்குக்காரியை இறக்கினாய், உன் எதிராளி சிரித்துவிட்டான், ஆனாலும் அந்தச் சுற்றில் ஜெயித்தது நீதான், ஞாபகம் இருக்கிறதா? டேமியன் நேராக என்னிடம் வந்தான்.

"அத்தை, அப்பா எதுக்கு அந்தச் சீட்ட வச்சிருக்காரு?"

"எனக்குத் தெரியாதுப்பா."

"மத்த அம்பத்தொம்பதும் ஒழுங்கா இருக்கு. யாரோ தெரிஞ்சவங்க சொல்லிக்குடுத்திருக்காங்க. அது மட்டும் ஏன்?"

"நானும் கேட்டேன். பதில் வரல. நீயே போய்க் கேளு."

"எப்படிக் கேக்கறது?"

"எதிர்ல உக்காந்து கேளு."

வேறு ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. உன் ஆணையைக் காப்பாற்றினேன்.

மூன்றாவது சுற்றில் அவன் நன்றாகத்தான் ஆடிக்கொண்டிருந்தான். உன் மேசையில் நீ தோற்று எழுந்ததைப் பார்த்தான். தன் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எதிராளிக்குக் கை கொடுத்தான். அந்தப் பையனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நீதான ஜெயிக்கிற?" என்று கேட்டான். "நீ ஜெயிச்சுட்ட" என்று சொல்லிவிட்டு முடிவுச் சீட்டில் கையெழுத்துப் போட்டான். நாலாவது சுற்றிலும் அதையே செய்தான், சீட்டைக் கையில்கூட எடுக்கவில்லை. நீ அந்தச் சுற்றில் ஜெயித்தாய், இரண்டு பேரும் ஆளுக்கு இரண்டு வெற்றியோடு சமமானீர்கள். அவன் டப்பாவுக்கு அருகில் வந்து நின்றான். ஆனால் டப்பாவில் கைவிட்டபோது உனக்கு வேறொருவர் பெயர் வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்தேன் அண்ணா. ஐந்தாவதில் அவன் ஆடவே இல்லை, உன் மேசையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். நீ தோற்றாய். உடனே அவனும் எழுந்து தன் எதிராளிக்குக் கை கொடுத்தான்.

மெல்போர்ன் போகிறவர்கள் நாலு பேரில் அவன் இல்லை. வருடம் பூராவும் அதற்காகத்தான் ஆடினான். அவனோடு நீ ஏறிப் போக வேண்டும் என்று நான் உனக்கு ஜனவரியில் எழுதினேன். அவன் உன்னிடம் இறங்கி வருவான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கடை நடத்தி என்ன பயன்?

ஆறாவது சுற்றுக்கு டப்பாவிலிருந்து முதலில் அவன் பெயர் வந்தது. அடுத்து உன் பெயர். இரண்டு சீட்டையும் பக்கத்திலிருந்தவரிடம் நீட்டினேன், அவர்தான் வாசித்தார்.

அந்த மேசையில் என்ன நடந்தது? சீக்கிரம் எழுது, சோறு இறங்கவில்லை.

ஸ்டெல்லா


மெக்காய்
21 ஜூன் 1998

அன்புத் தங்கைக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். அரவை தொடங்கிவிட்டது, வண்டியிலிருந்து இறங்கினால் படுக்கைதான். உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு ஓட்டுகிறேன். அவன் வேண்டுமென்றே தோற்றான் என்று நீ எழுதித்தான் எனக்குத் தெரியும். ரயிலை வயல் நடுவே நிறுத்திவிட்டுப் படித்தேன். பின்னால் வந்த வண்டிக்காரன் கெட்ட வார்த்தையில் திட்டினான், திட்டட்டும்.

மேசையில் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. வழக்கப்படி கட்டை மாற்றிக்கொண்டோம். அவன் என் கட்டைக் கலைத்து வெட்டினான். வளைந்த இடத்தில் பிளந்துகொண்டது. எட்டு மாதம் கழித்து என் மகன் என்னிடம் பேசிய முதல் பேச்சு இது:

"இதுல ஒரு சீட்டு வளைஞ்சிருக்கு."

"தெரியும்."

"நடுவரக் கூப்பிட்டா உங்களுக்குத் தோல்வி எழுதுவாரு."

"கூப்பிடு. அம்பது நிமிஷம் கழிச்சுக் கூப்பிடு."

அவன் கூப்பிடவில்லை. முதல் ஆட்டத்தை அவன் ஜெயித்தான். இரண்டாம் ஆட்டத்தில் நான் ஐந்து ஊற்று வைத்திருந்தபோது விளக்குக்காரி கைக்கு வந்தாள். இறக்கினேன். இரண்டு பேரும் கைச்சீட்டைத் திறந்து வைத்தோம். அவன் என் சீட்டைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது நான் சன்னல்ல வச்சுட்டுப் போனது. இது எங்க இருந்துச்சு?"

"அம்மா கையில."

"எங்க?"

"ஆஸ்பத்திரில."

பிறகு அவன் சீட்டைத் தொடவே இல்லை. நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லும்வரை இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். எழும்போது என் சீட்டையெல்லாம் அவனே சேர்த்துத் தட்டி டப்பாவில் போட்டுக் கொடுத்தான். வெளியே வந்து "சாப்பிட்டீங்களா?" என்றான். சாப்பிட்டேன் என்றேன். "பொய்" என்றான். இறைச்சி அடைத்துச் சுட்ட ஓர் அப்பம் வாங்கிக் கொடுத்துவிட்டு, நான் தின்று முடிக்கும்வரை நின்றுவிட்டுப் போனான்.

அவ்வளவுதான். எனக்கு அது போதும் என்று நினைத்துத்தான் வந்தேன். போதவில்லை ஸ்டெல்லா. வந்ததிலிருந்து தினமும் தபால் பெட்டியைப் பார்க்கிறேன்.

சல்வு


பிரிஸ்பன்
5 ஜூலை 1998

அன்புள்ள அப்பாவுக்கு,

டேமியன் எழுதுவது. நன்றாக இருக்கிறேன். இரவு வேலையை விட்டுவிட்டேன். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்கவில்லை, அத்தை கேட்டுச் சொல்கிறார்.

ஆறு வாரமாக ஒன்றையே யோசிக்கிறேன். மெக்காய் வீட்டிலிருந்து மெல்போர்ன் கிளம்பிய அன்று அந்தச் சீட்டை அம்மாவுக்கு அதிர்ஷ்டமாக இருக்கட்டும் என்று சமையலறைச் சன்னலில் வைத்துவிட்டுப் போனேன். அம்மா வாங்கித் தந்த முதல் சீட்டுப் பொட்டலத்தில் வந்தது அது. உங்களுக்கு அதெல்லாம் கண்ணில் படாது. அப்படியானால் அம்மா கேட்டுத்தான் நீங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். நான் கூப்பிட்டபோது அவர் தூங்கவில்லை. விழித்திருந்தார், பேசினார், சீட்டைக் கேட்டார்.

சீட்டைக் கேட்டவர் என்னைக் கேட்கவில்லை.

முதல் வாரம் பைத்தியம் பிடித்த மாதிரி இருந்தது. சுவரில் குத்திக் கை வீங்கிவிட்டது. அப்போதுதான் எட்டு மாதமாக இந்தக் குத்தையெல்லாம் நீங்கள் வாங்கிக்கொண்டிருந்தீர்கள் என்று புரிந்தது.

அப்பா, ஒரே ஒரு கேள்வி. எனக்குச் சொல்ல வேண்டாம், ஆட்டத்தை முடிக்கட்டும் என்று சொன்னது அம்மாவா? உங்கள் கையால் அதை எழுதமாட்டீர்கள் என்று தெரியும். அதனால் இப்படிச் செய்வோம். அம்மா சொல்லவில்லை என்றால் "இல்லை" என்று ஒரு சொல் எழுதுங்கள், நம்புகிறேன். அம்மாதான் என்றால் எதுவும் எழுத வேண்டாம். மழையைப் பற்றி எழுதுங்கள்.

உள்ளே ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். அவளேதான், ஜிகினா இல்லாத சாதாரணச் சீட்டு. இது வளையாது. போட்டிக்கு இதை எடுத்துப் போங்கள். அது வீட்டில் இருக்கட்டும்.

உங்கள் மகன்,
டேமியன்


மெக்காய்
12 ஜூலை 1998

அன்பு மகன் டேமியனுக்கு,

அப்பா எழுதுவது. சுகமாக இருக்கிறேன். கை வீக்கம் வற்றியதா? வெந்நீரில் உப்புப் போட்டு முக்கிவை.

இங்கே காலம் தப்பி நல்ல மழை. திங்கள் ராத்திரி பிடித்தது, புதன்வரை கொட்டியது. வயலெல்லாம் சேறு, வெட்டும் இயந்திரம் உள்ளே இறங்க முடியாமல் ஆலை இரண்டு நாள் நின்றது. தண்டவாளத்தில் முழங்கால் தண்ணீர். இன்று காலையில்தான் வெளுத்தது. இன்னும் மழை இருக்கிறது என்கிறார்கள், பெய்யட்டும்.

சீட்டு வந்து சேர்ந்தது. வியாழக்கிழமை நொலீனிடம் காட்டினேன். "இப்பவாச்சும் சொல்லு, இவ எதுக்கு?" என்றாள். என் மகன் கொடுத்தது என்றேன். மற்றவளைச் சன்னலில் வைத்திருக்கிறேன், நீ வைத்த அதே இடத்தில்.

இருபத்து நாலு ஊற்று எனக்குக் கொஞ்சம் குறைவாகப் படுகிறது. ஒன்று கூட்டலாமா? கூட்டினால் எதை எடுப்பது? உன் அத்தை ஈட்டிக்காரனை எடு என்கிறாள், எனக்கு மனசு வரமாட்டேன் என்கிறது.

தொலைபேசிக்காரன் நாளை வருகிறான், மறுபடி இணைக்கச் சொல்லியிருக்கிறேன். எண் பழைய எண்தான். மாலையில் வேலை முடிந்து வந்துவிடுவேன். மணி அடித்தால் நானே எடுக்கிறேன்.

அப்பா